பாதிக் குடத்தோடு போன ஜெயமணி அக்கா

ஜெயமணி அக்கா இறந்த செய்தி அம்மாவின் போனில், நம் சபையின் ஜெபக் குழுவில் வந்தது. நான் காலாண்டுத் தேர்வுக்கு வேதியியல் படித்துக்கொண்டிருந்தேன். சப்பாத்திக்கு மாவு பிசைந்துகொண்டிருந்த அம்மா, "யாருன்னு பாரு கண்ணு" என்றார். பார்த்தேன். நம் சபையில் நான்கு ஆண்டுகள் இருந்த ஜெயமணி சகோதரி, கோபிசெட்டிபாளையத்துக்கு அருகே தோட்டத்துக் கிணற்றில் தவறி விழுந்து கர்த்தருக்குள் நித்திரை அடைந்தார், குடும்பத்தை ஜெபத்தில் தாங்கவும் என்று இருந்தது. நான் வாய்விட்டு வாசிப்பதற்குள் கைகூப்பும் படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து அந்தச் செய்தியை மேலே தள்ளிக்கொண்டு போய்விட்டன. அதை மறுபடியும் தேடி எடுத்துத்தான் அம்மாவுக்கு வாசித்தேன்.

அம்மா மாவுக் கையோடு சுவரில் சாய்ந்துவிட்டார். என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார்.

"அன்னைக்குப் போன் பண்ணுனப்ப உன்கிட்ட என்ன சொன்னா?"

"ஒண்ணும் சொல்லலீங்கம்மா."

அது பொய்.

வரும் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் நடக்கவிருக்கும் நினைவுக் கூட்டத்தில், வாலிபர்கள் சார்பாக நான் வாசிப்பதற்குப் பாஸ்டர் ஒரு பக்கம் எழுதித் தந்திருக்கிறார். "இதை மட்டும் வாசிம்மா, போதும்" என்றார். அதில் அக்காவை, தன் நாவைக் காத்துக்கொண்ட நல்ல சகோதரி என்று எழுதியிருக்கிறார். அது உண்மை. அவரை அறிந்த நீங்கள் யாரும் அதை மறுக்க மாட்டீர்கள். ஆனால் அந்தப் பக்கத்தில் என் நாவைப் பற்றி ஒன்றும் இல்லை. அதனால் நான் வாசிக்க வேறு பக்கங்களை எழுதுகிறேன். அப்பாவுக்கு ஃபவுண்டரியில் நைட் ஷிப்ட். அம்மா தூங்கிவிட்டார். லைட்டைப் போட்டால் விழித்துக்கொள்வார் என்று, போன் வெளிச்சத்தில் வேதியியல் நோட்டின் கடைசிப் பக்கங்களில் எழுதுகிறேன். ஞாயிறன்று நான் தடுமாறினால், எழுத்து கோணலாக இருப்பதால் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

பெரியநாயக்கன்பாளையத்தில் எங்கள் லைன் வீடுகள் ஏழு, அதில் ஒன்றில் ஜெயமணி அக்கா தனியாக இருந்தார். குழாய் ஒன்று. நல்ல தண்ணி வாரத்துக்கு ஒரு முறை வரும். அன்றைக்குக் குழாயடியில் குடங்களோடு ஊர்க்கதையும் வரிசையில் நிற்கும். ஜெயமணி அக்காவின் குடம் பச்சை பிளாஸ்டிக் குடம், கழுத்தில் ஒரு கீறல். ஒருநாள் அவர் குடம் பாதி நிறைந்திருக்கும்போது, கடைசி வீட்டுப் பெண் மூன்று நாளாக வேலைக்குப் போகவில்லை, என்னவோ இருக்கிறது என்று பேச்சு தொடங்கியது. அக்கா குடத்தை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டார். "எனக்குப் போதுங்க."

"பாதிகூட நிறையல, தூக்கிட்டுப் போறாங்க பாருங்க" என்றார் நம் சபை லில்லி ஆன்ட்டி. "ஏனுங்க ஜெயமணி, ஓட்டை உங்க குடத்துலயா, காதுலயாங்க?"

"ரெண்டுலயும் இல்லீங்க அக்கா. உள்ள போனது உள்ளயே நின்னுக்குதுங்க. அதனாலதான் ஜாஸ்தி புடிக்கறதில்லைங்க."

எல்லோரும் சிரித்தார்கள். லில்லி ஆன்ட்டிதான் அதிகம் சிரித்தார். அன்றைக்கு அக்கா சமைக்கத் தண்ணீர் போதாமல் எங்கள் வீட்டில் ஒரு சொம்பு கேட்க வந்தார். ஏன் இப்படிச் செய்கிறீர்கள் என்று கேட்டேன். "தண்ணி அடுத்த வாரமும் வரும் கண்ணு. காதுல விழுந்ததை எங்க கொண்டுபோய்க் கொட்டறது?" என்றார். அதன்பிறகு நான் கவனித்துப் பார்த்தேன். எத்தனையோ வாரம் அவர் பாதிக் குடத்தோடுதான் போனார்.

அவர் பேசாமடந்தை என்று, அவரைப் பார்க்காதவர்கள் நினைத்துவிடக் கூடாது. எந்தக் குரலையும் அவரால் அப்படியே எடுக்க முடியும். காய்கறி ஆட்டோவின் ஒலிபெருக்கி, குக்கர் விசில், பேரிங் தேய்ந்த மோட்டார் எல்லாம் செய்து காட்டுவார். சின்னப் பிள்ளைகள் அவர் வாசலை விட்டுப் போகாது. ஒருமுறை நாங்கள் பாஸ்டரைப்போலப் பிரசங்கம் செய்து காட்டச் சொல்லிக் கெஞ்சினோம். அவர் செய்யவில்லை. "அவிய இல்லாத எடத்துல அவிய குரலை எடுத்துக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு, எங்கள் ஏமாற்றத்தைப் பார்த்து இரண்டு முறை குக்கர் விசில் அடித்தார்.

அவர் வேலை செய்தது மேட்டுப்பாளையம் ரோட்டில் ஒரு மோட்டார் வைண்டிங் பட்டறை. செம்புக் கம்பியைக் காயிலாகச் சுற்ற வேண்டும், சுற்றுகளை எண்ண வேண்டும். அம்மா அவரிடம் கொடுத்திருந்த எங்கள் வீட்டுச் சாவியை வாங்கப் போயிருந்தபோது ஒருநாள் அவர் எண்ணிக்கொண்டிருந்தார். கூப்பிட்டேன், திரும்பவில்லை. முடித்து முடிச்சுப் போட்ட பிறகுதான் நிமிர்ந்தார். "எண்ணும்போது பேசுனா சுத்து தப்பிரும் கண்ணு. தப்புன சுத்து பார்த்தாத் தெரியாது. கரண்டு விட்டாத்தான் புகையும்." அப்போது அது மோட்டாரைப் பற்றிய பேச்சு என்றுதான் நினைத்தேன். அவரும் மோட்டாரைப் பற்றித்தான் சொல்லியிருப்பார்.

வெள்ளிக்கிழமை மாலை உபவாச ஜெபத்தின் வழக்கம் உங்களுக்குத் தெரியும். பெண்கள் வட்டமாக உட்கார்ந்து ஆளுக்கொரு ஜெபக் குறிப்பு சொல்வார்கள். மகனுக்கு வேலை, மாமியாருக்குக் கால் வலி, பக்கத்து வீட்டுக்காரரின் குடி. பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்லும்போது குறிப்பு கொஞ்சம் நீளமாகவே இருக்கும். ஜெயமணி அக்காவின் முறை வந்தால் எப்போதும் ஒரே வரிதான்: "எனக்குச் சொல்லாத விண்ணப்பம் ஒண்ணு இருக்குதுங்க."

"நாலு வருசமா சொல்லாமலே கேக்கறீங்க" என்பார் லில்லி ஆன்ட்டி. "ஆண்டவருக்கே எதுன்னு மறந்து போயிருக்கும்."

"அவருக்கு மறந்தாலும் எனக்கு மறக்காதுங்க அக்கா."

அந்த விண்ணப்பம் எதுவென்று இந்தச் சபையில் எனக்கு மட்டும் தெரிந்திருந்தது. பத்தாம் வகுப்புத் தேர்வுக்கு முன்னால் எனக்கு அம்மை போட்டது. அம்மாவுக்கு லீவு கிடைக்கவில்லை. ஜெயமணி அக்கா பட்டறைக்குப் போகாமல் ஐந்து நாள் என்னோடு இருந்தார். என்னைத் துடைத்துவிடும்போது நனையாமல் இருக்க ரவிக்கைக் கையை மேலே சுருட்டினார். முழங்கைக்கு மேல் வட்டமான தழும்புகள் இருந்தன. எனக்கு அம்மைத் தழும்பு வந்துவிடுமோ என்று பயந்துகொண்டிருந்த நேரம் அது.

"உங்களுக்கும் அம்மையாக்கா?"

"இல்ல கண்ணு. பீடி."

எனக்குப் புரியவில்லை. அவர் துணியைப் பிழிந்து கொடியில் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"ஊட்டுக்காரரு வெச்சது. கோபிக்கு அங்கால ஒரு தோட்டத்துல இருக்கறாரு. நான் இங்க இருக்கறது அவருக்குத் தெரியாது. தெரியாமயே இருக்கோணும். நீ கேட்டுப்போட்ட, எனக்குப் பொய் சொல்ல வரல. இது உனக்கும் எனக்கும் ஆண்டவருக்கும்."

"சரிங்கக்கா" என்றேன். பிறகு அவர், அம்மைத் தழும்பு ஆறு மாதத்தில் மறைந்துவிடும் என்று என் மூக்கைத் தொட்டுச் சொன்னார்.

மே மாதம் தேர்வெல்லாம் முடிந்து நானும் வெள்ளிக்கிழமை ஜெபத்துக்கு வந்துகொண்டிருந்தேன். ஒரு வெள்ளிக்கிழமை அக்கா வரவில்லை. சீசன் என்பதால் பட்டறையில் ஓவர்டைம். "ஷைனி கண்ணு, இன்னைக்கு நீ ஜெபம் பண்ணு" என்றார் லில்லி ஆன்ட்டி. மற்றவர்கள் ஜெபிக்கும்போது கண்ணீர் வரும். எனக்கும் அப்படி ஜெபிக்க வேண்டும், இந்தப் பெண் எவ்வளவு நன்றாக ஜெபிக்கிறாள் என்று எல்லோரும் சொல்ல வேண்டும் என்று ஆசை இருந்தது. இதை நான் மறைக்கப் போவதில்லை. கண்ணை மூடினேன். என் ரிசல்ட்டுக்கும் படிப்புக்கும் ஜெபித்தால் அழுகை வராது. ஜெயமணி அக்காவின் கையை நினைத்துக்கொண்டேன், அழுகை வந்தது. ஆண்டவரே, அக்காவின் கையைச் சுட்ட அவர் கணவர் கோபியிலிருந்து தேடி வந்துவிடாதபடி அவரை இங்கே மறைத்து வையும் என்று தேம்பித் தேம்பிச் சொன்னேன். கண்ணை மூடியிருந்ததால் அங்கே ஆண்டவரைத் தவிர வேறு யாரும் இல்லை என்று நினைத்துவிட்டேன்.

எல்லோரும் ஒரே குரலில் "ஆமென்" என்றார்கள். அவ்வளவு பலமான ஆமென் எனக்கு அதற்கு முன் கிடைத்ததில்லை. கண்ணைத் திறந்தேன். எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் நான் செய்தது எனக்குத் தெரிந்தது.

அன்றைக்கே அது ஜெபக் குழுவில் வந்தது. பெரியநாயக்கன்பாளையம் சபை ஜெயமணி சகோதரியின் கணவர் மனந்திரும்பவும், அவர் கோபியிலிருந்து வந்து சகோதரிக்குத் தொந்தரவு தராதபடியும் ஜெபித்துக்கொள்ளுங்கள் என்று. லில்லி ஆன்ட்டியை நான் குறை சொல்லவில்லை. நல்ல மனதோடுதான் அனுப்பினார். நான் கையில் கொடுத்ததைத்தான் அனுப்பினார். அக்காவிடம் இருந்தது பழைய பட்டன் போன். அதனால் அவருக்கு மட்டும் தெரியவில்லை.

அடுத்த வாரம் குழாயடியில் எல்லோரும் அவருக்கு முதலில் இடம் விட்டார்கள். ஒருவர் அவர் குடத்தைத் தூக்கியே கொடுத்தார். யாரும் எதுவும் பேசவில்லை. அக்கா நிறைகுடத்தோடு எங்கள் வாசலில் நின்று, "என்ன கண்ணு, திடீர்னு எனக்கு இவ்வளவு மரியாதை குடுக்கறாங்க?" என்று சிரித்தார். அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அன்று இரவே பையைக் கட்டிக்கொண்டு வேறு ஊருக்குப் போயிருப்பார். நான் அவர் முகத்தைப் பார்க்காமல் குடத்தில் தளும்பிய தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஒன்பதாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, கார் வந்தது. அவர் கணவரும் கணவருடைய அண்ணனும் வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டியில் சபைக்கே வந்து பின்வரிசையில் உட்கார்ந்து ஆராதனை முடியும்வரை காத்திருந்தார்கள். அவ்வளவு மரியாதையான மனிதர்களை நான் பார்த்ததில்லை. நடந்துபோகும் சின்னப் பிள்ளைக்குக்கூடக் காலை மடக்கி வழிவிட்டார்கள். அதன்பிறகு நடந்தது உங்கள் எல்லோர் முன்னாலும் நடந்தது. கணவர் பாஸ்டரின் முன்னால் மண்டியிட்டு அழுதார். "இனி குடிச்சா என்னை ஏன்னு கேளுங்க. வேதத்து மேல கை வெச்சுச் சொல்றேனுங்க" என்றார். குடும்பத்தை ஆண்டவர் சேர்த்து வைக்கிறார் என்று பாஸ்டர் சொன்னார். லில்லி ஆன்ட்டி சந்தோஷத்தில் அழுதார்.

அண்ணன் மட்டும் அழவில்லை. "அதெல்லாம் சரிங்க பாஸ்டர் ஐயா. எங்க ஊட்டு விசயம் ஜெபக் குறிப்பா கைமாறிக் கைமாறி என்ர சம்சாரத்து போனுக்கே வருதுங்க. மானம் போச்சுங்க. இவ யாருகிட்ட என்னென்ன சொன்னான்னு நாங்க தெரிஞ்சுக்கோணும். கேட்டவிய யாருங்க?"

நான் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். பல கண்கள் என் பக்கம் திரும்பின. அவரும் அந்தக் கண்களைத் தொடர்ந்து என்னைப் பார்த்தார். அப்போது ஜெயமணி அக்கா எழுந்தார்.

"நாந்தானுங்க எல்லாருகிட்டயும் சொன்னேன். அந்தப் புள்ளகிட்டயும் நாந்தான் சொல்லி ஜெபிக்கச் சொன்னேன். அதும்மேல தப்பில்லீங்க."

அவர் பொய் சொல்லி நான் கேட்டது அந்த ஒருமுறைதான். அண்ணன் தம்பியைப் பார்த்தார். தம்பி, மண்டியிட்டபடியே, அக்காவைப் பார்த்தார். அழுதுகொண்டிருந்த முகம்தான், ஆனால் கண் காய்ந்துவிட்டிருந்தது. நான் பார்த்தேன். நீங்களும் சிலர் பார்த்திருப்பீர்கள். பிறகு பாஸ்டர் இருவர் தலையிலும் கைவைத்து ஜெபித்தார். நாம் எல்லோரும் ஆமென் சொன்னோம்.

கார் தெருமுனையில் நின்றுகொண்டிருக்க, அவர் துணிகளைக் கட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். பச்சைக் குடத்தை எங்கள் வாசலில் வைத்தார். "தோட்டத்துல மோட்டார் இருக்குது, இது எனக்கு எதுக்கு?" என்றார். நான் அவர் காலைப் பிடித்துக்கொண்டேன்.

"தெரியும் கண்ணு, எந்திரி. எனக்காகத்தான ஜெபம் பண்ணுன?" என்றார். என் தலையைக் கோதிவிட்டு, "ஆனா ஒண்ணு. நாம கண்ணை மூடிக்கிட்டா ஆளுங்க போயிர மாட்டாங்க" என்றார். அதில் கோபம் கொஞ்சமும் இல்லை. "நாலு வருசம் இந்த லைன்ல நல்லாத் தூங்குனேன். போயிட்டு வாரேன்." காரில் ஏறும்போது திரும்பிப் பார்க்கவில்லை.

அன்றிலிருந்து நான் வாயைக் காத்துக்கொண்டேன். சபையில் ஜெபிக்கச் சொன்னால், சொல்லாத விண்ணப்பம் என்றேன். பள்ளியில் யாரைப் பற்றி யார் பேசினாலும் எழுந்து போய்விட்டேன். "புள்ள இப்பத்தான் அடக்கமா இருக்குது" என்று அம்மா சொன்னார். ஜெயமணி அக்கா மாதிரி ஆகிவிட்டேன் என்று நானும் நினைத்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் கடைசியில் ஒரு சனிக்கிழமை அம்மாவின் போனுக்கு அக்கா கூப்பிட்டார். அம்மா போனை வைத்துவிட்டு ரேஷன் கடைக்குப் போயிருந்தார். நான் எடுத்தேன். அவர் சொன்னதை, எனக்கு நினைவிருக்கும்வரை, ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் எழுதுகிறேன்.

"அம்மா இல்லீங்களா கண்ணு?"

"இல்லீங்கக்கா. நல்லா இருக்கறீங்களா?"

"இருக்கறேன். இங்க மோட்டார் புகைஞ்சுபோச்சு. வைண்டிங் போயிருச்சு. கம்பி வாங்கிக் குடுங்க, நானே கட்டித் தாரேன்னேன். சிரிக்கறாரு. கயித்துலதான் தண்ணி சேந்தறேன்." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நேத்து சேந்தறப்ப சத்தமில்லாம பின்னால வந்து நின்னுட்டாரு. இங்க உழுந்தா யாருக்குக் கேக்கும்னாரு. ஊரெல்லாம் சொன்னியே, இப்பச் சொல்லு பார்க்கலாம்னாரு. எனக்குக் கிணத்தடிக்குப் போகவே பயமா இருக்குது கண்ணு."

"அம்மாகிட்டச் சொல்லட்டுங்களா?"

தூரத்தில் நாய் குரைத்தது. "எப்படிச் சொல்றதுன்னு நீயே பார்த்துச் சொல்லு" என்றார். போன் வைக்கப்பட்டுவிட்டது.

ஒருமுறை என் வாயால் வீடிழந்தவர், மறுபடியும் என் வாயை நம்பி அதைச் சொன்னார். அம்மா அரிசிப் பையோடு வந்தார். "ஜெயமணி அக்கா கூப்ட்டாங்க" என்றேன். "என்ன சொன்னா?" என்றார். "நல்லா இருக்காங்களாம்" என்றேன். யாரிடமும் சொல்லக் கூடாது, சொன்னால் மறுபடியும் ஏதாவது ஆகிவிடும், இதுதான் நான் கற்றுக்கொண்ட பாடம் என்று நினைத்தேன். சொல்லாமல் இருந்தது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. பதினெட்டாவது நாள் அந்தச் செய்தி குழுவில் வந்தது.

அதற்குள் அவரை அடக்கமும் செய்துவிட்டார்கள். செவ்வாய்க்கிழமை அவருடைய தம்பி ஆனைமலையிலிருந்து வந்தார். தேங்காய் லோடு ஏற்றும் லாரி ஓட்டுகிறார். அக்காவுக்கு அவரைத் தவிர பிறந்த வீட்டில் யாரும் இல்லை. சபை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றுகொண்டே, ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டார்.

"ஏனுங்க, எங்கக்கா உங்க யாருகிட்டயாச்சும் ஏதாச்சும் சொல்லுச்சுங்களா? கிணத்துக்குள்ள எட்டிப் பார்க்கவே பயப்படுமுங்க அது. எப்படி உழுந்திருக்கும்?"

சமாதானமாகத்தான் இருந்ததாகக் கேள்விப்பட்டோம் என்றார் பாஸ்டர். லில்லி ஆன்ட்டி உதட்டைக் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்தார். அக்காவின் தம்பி எங்கள் பக்கம் திரும்பியபோது அம்மாவின் கை என் மணிக்கட்டை இறுக்கியது. "எங்களுக்கு ஒண்ணும் தெரியாதுங்க தம்பி" என்றார் அம்மா. அவர் தலையாட்டிக்கொண்டு, ஞாயிறு கூட்டத்துக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கதவைச் சாத்தினார். "உன்ர மூஞ்சியப் பார்த்தாலே தெரியுது, அவ ஏதோ சொல்லியிருக்கறா. எனக்கு அது வேண்டாம், என்கிட்டயும் சொல்லிராத. வாயைக் காத்துக்க சாமி. ஞாயித்துக்கிழமை அவிய அண்ணன் தம்பி ரெண்டு பேரும் வாராங்க. உங்கப்பா விடியக்காலம் தனியா சைக்கிள்ல வர்ற ஆளு." அம்மாவைக் கோழை என்று யாரும் நினைக்க வேண்டாம். எனக்கும் அதே பயம்தான். இதை எழுதும்போது தெருவில் ஏதாவது வண்டி நின்றால் போனை அணைத்துவிட்டுக் காத்திருக்கிறேன். ஞாயிறன்று அந்த இரண்டு பேருக்கும் முதல் வரிசையில் நாற்காலி போடுவார்கள். நான் மைக்கின் முன்னால் நிற்கும் இடத்திலிருந்து அது நான்கு அடி தூரம்கூட இல்லை.

கிணற்றடியில் நடந்தது எனக்குத் தெரியாது. அவர் கணவர் தள்ளினார் என்று நான் சொல்லவில்லை. நான் பார்க்கவில்லை. பார்க்காததைச் சொன்னால் ஜெயமணி அக்கா பாதிக் குடத்தோடு எழுந்து போய்விடுவார். நான் சொல்வது என்னிடம் சொல்லப்பட்டது மட்டும். அக்கா பயந்தார். ஏன் பயந்தார் என்று சொன்னார். என்னிடம்தான் சொன்னார். நான் யாரிடமும் சொல்லவில்லை. மே மாதம் அவரைப் பற்றி நான் வாயைத் திறந்தது எனக்காக. ஆகஸ்டில் வாயை மூடியதும் எனக்காகத்தான். பேசுவதற்கு முன்னும் பேசாமல் இருப்பதற்கு முன்னும் அக்கா எதையோ எண்ணிப் பார்த்தார். நான் எண்ணவில்லை.

வாய்க்குக் காவல் வேண்டும் என்று சபையில் அடிக்கடி ஜெபிக்கிறோம். இந்த வாரம் அதை என்னிடம் மூன்று பேர் சொல்லிவிட்டார்கள். மூன்று பேரும், எதையும் சொல்லாதே என்ற அர்த்தத்தில்தான் சொன்னார்கள். அக்காவின் வாய்க்குக் காவல் இருந்தது. என்னைக் காப்பாற்ற வேண்டிய நேரத்தில் அந்தக் காவல் கதவைத் திறந்துவிட்டது. தனக்கு என்ன வரும் என்று தெரிந்தே திறந்தது.

அவரிடமிருந்து என்னிடம் இருப்பவை இரண்டு. பச்சைக் குடம் எங்கள் வாசலில் இருக்கிறது. கழுத்துக் கீறலில் தண்ணீர் கசிகிறது என்று அம்மா பழைய சாமான்காரரிடம் போடச் சொன்னார், நான் விடவில்லை. கீறல்வரை நிரப்பாவிட்டால் கசியாது. இன்னொன்று, நீயே பார்த்துச் சொல்லு என்று அவர் கடைசியாகச் சொன்னது. பதினெட்டு நாள் அதை நான் செய்யவில்லை. இப்போது செய்கிறேன்.

இந்தப் பக்கங்களை இரண்டு முறை எழுதியிருக்கிறேன். ஒரு பிரதியை, ஞாயிறு காலை ஆராதனை தொடங்கும் முன்பே, செருப்புக் கழற்றும் இடத்தில் அவர் தம்பி கையில் கொடுத்துவிடுவேன். அதற்கு மேல் என் குரல் வராமல் போனாலும், மைக்கை யாராவது அணைத்தாலும், பரவாயில்லை. அம்மா, இதை உங்களிடம் முதலில் சொல்லாததற்கு என்னை மன்னித்துக்கொள்ளுங்கள். சொல்லியிருந்தால் விட்டிருக்க மாட்டீர்கள்.

உங்கள் எல்லோரிடமும் ஒன்று கேட்கிறேன். நான் முடித்ததும் ஆமென் சொல்லாதீர்கள். அவருக்காக இரண்டு முறை சொல்லிவிட்டோம். அவர் தம்பி வாசலில் நின்று கேட்ட கேள்வி இன்னும் அங்கேயே நிற்கிறது. நான் எனக்குத் தெரிந்ததைச் சொல்லிவிட்டேன். ஜெயமணி அக்கா உங்களில் வேறு யாரையாவது கூப்பிட்டிருந்தால், அவர் சொன்னதை, சொன்னபடியே, எழுந்து சொல்லுங்கள்.